கவசமும் வியர்வையும்

என் அக்கா மகன் மத்தியப் பாதுகாப்புப் படை ஒன்றில் பணிபுரிகிறான். ராஜஸ்தான் எல்லைப் பக்கம் வேலை. ஒரு ஜூன் மாதம் விடுமுறையில் ஊருக்குப் போகும் வழியில், தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பிடிப்பதற்காகத் தில்லியில் எங்கள் வீட்டில் ஒரு நாள் தங்கினான். துவைக்கப் போட்ட அவனுடைய சீருடைச் சட்டையை எடுத்த என் மனைவி, "இது என்னடா, சட்டையில் கோலம் போட்ட மாதிரி இருக்கே?" என்று கேட்டாள். மார்பிலும் முதுகிலும் கட்டம் கட்டமாக வெள்ளைக் கோடுகள். எல்லாம் காய்ந்த உப்பு. "ஜாக்கெட் போட்ட கோலம், அத்தை" என்று சிரித்தான் அவன்.

அவன் சொன்ன ஜாக்கெட், குண்டு துளைக்காத அங்கி. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு செய்தி சொன்னான். அவனோடு காஷ்மீரிலிருந்து மாற்றலாகி வந்த இளைஞன் ஒருவன், பாலைவனத்துக்கு வந்த மூன்றாம் நாளே ரோந்தின்போது சுருண்டு விழுந்துவிட்டான். நல்ல திடகாத்திரமான பையன். கூட இருந்தவர்கள் அங்கியைக் கழற்றிவிட்டு ஒட்டகத் தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றியதால் பிழைத்தான். "நீங்க பிசிக்ஸ் வாத்தியார்தானே மாமா, அதுக்குள்ளே கொஞ்சம் குளிர்ச்சியா இருக்க வழி இருந்தா சொல்லுங்களேன்" என்றான்.

அவனுக்கு அன்று சொன்னதையும், சொல்லிய பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் ராணுவத்திலும், எல்லைப் பாதுகாப்புப் படையிலும், விமான நிலையத்தையும் மெட்ரோவையும் காக்கும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பயன்படும். அவர்களுக்கு வேலை நேரம் வகுக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பயன்படும்.

நம் வீட்டுக் கூலர் சொல்லும் பாடம்

அவனுடைய கேள்விக்கு விடை எங்கள் ஜன்னலிலேயே ஓடிக்கொண்டிருந்தது. தில்லிவாசிகள் எல்லாருக்கும் பழக்கமான டெஸர்ட் கூலர்தான் அது. வெட்டிவேர்த் தட்டியோ மரச்சீவல் தட்டியோ ஈரமாக இருக்கிறது; வறண்ட காற்று அதன் வழியே நுழைகிறது; நீர் ஆவியாகிறது; ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மே மாதத்தில் அறை ஜில்லென்று இருக்கும். அதே கூலரை ஆகஸ்டில் போட்டுப் பாருங்கள். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நீர் ஆவியாவதில்லை. உடம்பெல்லாம் பிசுபிசுப்புதான் மிச்சம்.

மனித உடலும் ஒரு கூலர்தான். தோல்தான் தட்டி, வியர்வைதான் தண்ணீர். சும்மா உட்கார்ந்திருக்கும் 70 கிலோ மனிதனின் உடல் மணிக்குச் சுமார் 70 கலோரி வெப்பத்தை உண்டாக்குகிறது (உணவுப் பொருட்களுக்குச் சொல்கிறோமே, அந்தப் பெரிய கலோரி). சுமையோடு நடந்தால் இது 300, 400 என்று உயர்கிறது. தசைகள் செலவிடும் சக்தியில் நாலில் ஒரு பங்குகூட உண்மையான வேலையாக மாறுவதில்லை. மற்றதெல்லாம் சூடாகவே வெளிவருகிறது. அந்தச் சூட்டை வெளியே தள்ளியாக வேண்டும். தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. வெளிக்காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் கொஞ்சம் சூடு தானாகவே காற்றுக்குப் போய்விடும். வெளியே 42 டிகிரி என்றால் காற்றே நம்மைச் சூடாக்குகிறது. அப்போது திறந்திருப்பது ஒரே கதவு, வியர்வை ஆவியாதல்.

அந்த ஒரு கதவு மிகப் பெரிய கதவு என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆனால் 'ஆவியானால்' என்பதுதான் நிபந்தனை. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வையால் உடலுக்கு நீர் நஷ்டமே தவிரக் குளிர்ச்சி எதுவும் கிடையாது.

இப்போது அந்தக் கூலரின் தட்டிகளை ஒரு பிளாஸ்டிக் விரிப்பால் மூடினால் என்ன ஆகும்? குண்டு துளைக்காத அங்கி அதைத்தான் செய்கிறது.

அங்கியின் அமைப்பு

இந்த அங்கிகளில் பொதுவாக இரண்டு வகை உண்டு. கைத்துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் மென்மையான அங்கி ஒன்று. 1965-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி க்வோலெக் என்ற பெண் விஞ்ஞானி கண்டுபிடித்த இழையிலிருந்து உருவான கெவ்லார் போன்ற துணிகளைப் பல அடுக்குகளாக வைத்துச் செய்வது இது. ரைஃபிள் குண்டைத் தடுக்க அது போதாது. அதற்காக மார்பிலும் முதுகிலும், சில சமயம் இரு பக்கங்களிலும், பீங்கான் வகையைச் சேர்ந்த கடினத் தகடுகளைச் செருகுவார்கள். எடை அப்போது பல கிலோ கூடிவிடும். நம் தில்லி ஐ.ஐ.டி.யும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வும் சேர்ந்து உருவாக்கி 2024-ல் அறிவித்த 'அபேத்' என்ற அங்கி, பாதுகாப்புத் தரத்தைப் பொறுத்துக் குறைந்தபட்சம் 8.2 கிலோவும் 9.5 கிலோவும் எடை கொண்டது. எடை குறைந்ததைச் சாதனையாகக் கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது. குறையும் ஒவ்வொரு கிலோவும் உடலுக்குள் உண்டாகும் சூட்டைக் குறைக்கிறது.

எடையைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. இழைத் துணி நனைந்தால் அதன் வலிமை பாதிக்கப்படும் என்பதால், அந்த அடுக்குகளை நீர் புகாத உறைக்குள் வைத்து மூடுகிறார்கள். வெளியிலிருந்து நீர் உள்ளே போகாது. உள்ளேயிருந்து ஆவியும் வெளியே வராது. தீக்காயத்தைக் கணக்கிட மருத்துவர்கள் பயன்படுத்தும் விதிப்படி, மார்பு, வயிறு, முதுகு எல்லாம் சேர்ந்து உடலின் மேற்பரப்பில் 36 சதவிகிதம். அதில் பெரும்பகுதியை அங்கி மூடிவிடுகிறது. பனியனுக்கும் அங்கிக்கும் நடுவே அகப்பட்ட காற்று சில நிமிடங்களில் ஈரத்தால் நிறைந்துவிடும். வெளியே பாலைவனத்து மே மாதமாக இருக்கலாம். ஜாக்கெட்டுக்கு உள்ளே எப்போதும் ஆகஸ்ட் மாதம்.

பழைய கதை ஒன்று

இது இன்றைய சிக்கல் மட்டுமல்ல. 1187-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பாலஸ்தீனத்தில், சிலுவைப் போர்வீரர்களின் படை இரும்புக் கவசத்தோடு சஃபூரியா நீரூற்றுகளை விட்டுத் திபேரியா நோக்கிக் கிளம்பியது. கொளுத்தும் வெயில். வழியில் தண்ணீர் இல்லை. சலாவுதீனின் படை அவர்களை நீர்நிலையை அடையவிடாமல் மறித்து, காய்ந்த புல்லுக்கும் தீ வைத்தது. ஜூலை 4-ஆம் தேதி ஹத்தீன் குன்றுகளுக்கு அருகில் அந்தப் படை நொறுங்கியது. சிறைபிடிக்கப்பட்ட அரசர் கீ-க்குச் சலாவுதீன் முதலில் கொடுத்தது பனிநீர் நிரம்பிய கோப்பை என்று வரலாறு கூறுகிறது. வாள் வீச்சைத் தாங்கிய கவசம் தாகத்தைத் தாங்கவில்லை.

நம் நாட்டில் முகலாயர் காலத்தில் 'சார் ஆயினா' என்றொரு கவசம் இருந்தது. நான்கு கண்ணாடிகள் என்று பொருள். மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, பக்கங்களுக்கு இரண்டு என நான்கு தகடுகளை வாரால் கட்டிக்கொள்வார்கள். இன்றைய தகடுகள் இருக்கும் இடமும் அதுதான். ஆக, எதை மூடுவது, எதைத் திறந்து விடுவது என்ற கணக்கு நமக்குப் புதிதல்ல.

வெப்பமானி காட்டும் எண் போதாது

"இன்று 42 டிகிரி" என்று செய்தியில் கேட்கிறோம். அங்கி அணிந்தவருக்கு அந்த எண் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. தில்லியில் 42 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 15 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியைக் காற்றில் பிடித்தால் அது சுமார் 22 டிகிரி காட்டும். சென்னையில் 36 டிகிரிதான். ஆனால் ஈரப்பதம் 60 சதவிகிதம். அங்கே ஈரத்துணி வெப்பமானி 29 டிகிரி காட்டும். வியர்வையை நம்பி வாழும் உடலுக்கு, நிழலில் நிற்கும்போது, சென்னையின் 36 தில்லியின் 42-ஐவிடக் கடினமானது. கூலர் ஏன் சென்னையில் எடுபடுவதில்லை என்பதும் இதனால்தான்.

அமெரிக்காவின் தென் கரோலினாவிலுள்ள பாரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமில் 1950-களில் புதிதாகச் சேர்ந்த வீரர்கள் பலர் வெயிலில் விழுந்தபோது, இதற்கென்றே ஓர் அளவு உருவாக்கப்பட்டது. ஈரத்துணி வெப்பமானிக்கு 70 சதவிகிதம், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானிக்கு 20 சதவிகிதம், சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10 சதவிகிதம் என்று மதிப்பளித்துக் கூட்டுகிறார்கள். இன்று பல நாட்டு ராணுவங்களும் விளையாட்டு அமைப்புகளும் இதையே பின்பற்றுகின்றன.

அமெரிக்க ராணுவம் 2003-ல் வெளியிட்ட கையேடு இந்த அளவை வைத்து வேலை நேரத்தையே வகுத்துக் கொடுக்கிறது. அளவு 32 டிகிரியைத் தாண்டினால், வெயிலுக்குப் பழகிய வீரர்கூட நடுத்தர வேலையை மணிக்கு 20 நிமிடம் செய்து 40 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். கடும் வேலை என்றால் 10 நிமிடம் வேலை, 50 நிமிடம் ஓய்வு. ஈரப்பதமான இடத்தில் கவசம் அணிந்திருந்தால், அளவோடு 5 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 3 டிகிரி செல்சியஸ், கூட்டிக்கொண்டு பட்டியலைப் பார்க்கச் சொல்கிறது. 'தாங்கிக்கொள்' என்று அந்தக் கையேட்டில் எங்கும் இல்லை. மணிக்கணக்கு மட்டுமே இருக்கிறது.

முதல் இரண்டு வாரம்

மூன்றாம் நாள் விழுந்த அந்த இளைஞனிடம் வீரம் குறைவாக இல்லை. அவனுக்குக் குறைந்தது நாட்கள். வெயிலுக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். தினமும் இரண்டு மணி நேரமாவது வெயிலில் உடலை அசைத்து, வேலையைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்குள் உடலில் அருமையான மாறுதல்கள் நடக்கின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, அதிகமாகச் சுரக்கிறது, அதில் கலந்து போகும் உப்பும் குறைகிறது. முதல் சில நாட்கள் அங்கியில்லாமல், பிறகு தகடில்லாத அங்கியோடு, கடைசியில் முழுக் கவசத்தோடு என்று படிப்படியாக ஏற்றுவது நல்லது.

இந்தப் பழக்கம் நிரந்தரமானதல்ல. சில வாரங்கள் குளிர்ப் பிரதேசத்தில் இருந்தாலோ, ஏ.சி. அறையிலேயே விடுமுறையைக் கழித்தாலோ போய்விடும். ஆகவே விடுமுறை முடிந்து திரும்புகிறவரையும் புதியவராகவே கருத வேண்டும்.

உள்ளே என்ன அணிவது?

அங்கிக்கு அடியில் தடித்த சட்டை வேண்டாம். உடலோடு ஒட்டிய, மெல்லிய, சுருக்கம் விழாத பனியன் போதும். பருத்தி வியர்வையை உறிஞ்சி நனைந்தே கிடக்கும். உராய்ந்து தோலைப் புண்ணாக்கும். விளையாட்டு வீரர்கள் அணியும் செயற்கை இழைப் பனியன் ஈரத்தைப் பரப்பிச் சீக்கிரம் உலர்த்தும். ஆகவே வாசலில் காவல் நிற்பவருக்கு அது வசதியானது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கண்ணிவெடியும் தீயும் உள்ள இடத்துக்குச் செல்பவருக்கு அது கூடாது. பாலியஸ்டரும் நைலானும் தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இராக்கிலிருந்த அமெரிக்க மரைன் படை இந்தக் காரணத்தாலேயே 2006 ஏப்ரலில், முகாமுக்கு வெளியே இத்தகைய உடைகளை அணியத் தடை விதித்தது. அவர்களுக்குப் பருத்தியோ, தீப்பற்றாத தனி வகைத் துணியோதான் ஏற்றது.

எந்தத் துணியானாலும் பையில் இன்னொரு பனியன் இருக்கட்டும். பாதி வேலை நேரத்தில் மாற்றிக்கொண்டால் கிடைக்கும் சுகத்துக்கு ஈடில்லை. வேர்க்குருவை அற்பமாக நினைக்க வேண்டாம். வியர்வைத் துவாரங்கள் அடைபடுவதே வேர்க்குரு. முதுகு முழுக்க அது பரவினால் அந்த இடம் சரியாக வியர்க்காது. கூலரில் ஒரு தட்டி பழுதான கணக்குதான். வேலை முடிந்ததும் குளித்து, நன்றாகத் துடைத்து, தோலைக் காற்றாட விட வேண்டும்.

அங்கி சரியான அளவில் இருக்க வேண்டும். இறுகிப் பிடித்தால் மூச்சுக்கூட முழுதாக விட முடியாது. தொளதொளவென்றிருந்தால் உராயும், பக்கங்கள் திறந்துகொள்ளும். பாதுகாப்பான இடத்தில் உட்கார வாய்த்தால் கழுத்துப் பக்கம் அங்கியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால், உள்ளே தேங்கிய ஈரக்காற்று வெளியேறிப் புதுக்காற்று நுழையும். சூட்டுக்குப் பயந்து தகட்டை மட்டும் உருவி அறையில் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதைப் போன்ற ஆபத்து வேறில்லை. ரைஃபிள் குண்டைத் தடுப்பது அந்தத் தகடுதான்.

தண்ணீரும் உப்பும்

தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று இருக்கக் கூடாது. தாகம் எப்போதும் தாமதமாகவே வரும். வேலைக்குப் போகுமுன் அரை லிட்டர். பிறகு 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர். கடும் வெயிலில் வேலை செய்பவர் மணிக்கு ஒரு லிட்டர், சில சமயம் அதற்கும் மேல் வியர்வை இழக்கிறார். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர்ந்த நிறமானால் நீர் போதவில்லை.

அளவுக்கு மீறினாலும் ஆபத்து உண்டு. வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து, தலைவலி, வாந்தி, குழப்பம் எல்லாம் வரும், உயிருக்கே முடிவாகலாம். முன்சொன்ன கையேடு மணிக்குச் சுமார் 1.4 லிட்டருக்கு மேலும், நாளைக்குச் சுமார் 11 லிட்டருக்கு மேலும் குடிக்க வேண்டாம் என்கிறது. உப்பு மாத்திரைகள் தேவையில்லை. வேளை தவறாத சாப்பாடும், இடையே உப்புப் போட்ட நீர்மோரோ எலுமிச்சைச் சாறோ போதும். நம் பாட்டிமார் வெயில் காலத்தில் கொடுத்த நீர்மோரும், இங்குள்ளவர்கள் குடிக்கும் மாங்காய்ப் பன்னாவும் உடலுக்கு வேண்டிய நீரையும் உப்பையும் சேர்த்தே தருகின்றன. அதிகம் வியர்த்த நாளில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலை தட்டி அளந்து, கலந்து குடிக்கலாம். ரத்தக் கொதிப்போ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெண் காவலர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இல்லாததால், தண்ணீரே குடிக்காமல் எட்டு மணி நேரம் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அங்கியையும் இடைவாரையும் கழற்றி மாட்டும் சிரமம் வேறு. 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று அவர்களுக்கு உபதேசம் செய்வதற்கு முன், நடந்து போகும் தூரத்தில் ஒரு கழிப்பறையும், போய்வரும் வரை நிற்க ஒரு மாற்று ஆளும் ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவே அவர்களுக்கு முதல் மருந்து.

முந்தின இரவு மது, தூக்கமின்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இவை எல்லாம் வெயில் தாங்கும் சக்தியைக் குறைத்துவிடும். ஜலதோஷத்துக்கு எடுக்கும் சில மாத்திரைகள் வியர்வையையே குறைக்கும். இந்த நாட்களில் அதிகாரியிடம் சொல்லிவிடுவதில் வெட்கம் கூடாது.

பனிக்கட்டி அங்கியா, வாளித் தண்ணீரா?

பனிக்கட்டிப் பைகள் வைத்த குளிர் அங்கிகள் கடைகளில் கிடைக்கின்றன. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 80 கலோரி எடுத்துக்கொள்ளும். உருகிய நீர் 30 டிகிரி வரை சூடாக இன்னும் 30 கலோரி. ஆக மொத்தம் 110. வியர்வை ஒரு லிட்டருக்கு 580 கலோரி எடுத்ததோடு ஒப்பிடுங்கள். ஓரிடத்தில் நிற்கும் காவலருக்குப் பனிக்கட்டி அங்கி சிறிது நேரம் சுகம் தரும். ரோந்து செல்பவருக்கு அது உருகிய பின் வெறும் சுமை. நனைத்து அணியும் வகை அங்கியோ, காற்றே நுழையாத கவசத்துக்கு அடியில் பயன்படாது. அதுவும் ஆகஸ்ட் மாதக் கூலர்தான்.

எளிய வழி ஒன்று இருக்கிறது. ஓய்வு நேரத்தில் அங்கியைக் கழற்றி, நிழலில், மின்விசிறியின் முன் உட்கார்ந்து, இரு கைகளையும் முழங்கை வரை குளிர்ந்த நீருள்ள வாளியில் பத்துப் பதினைந்து நிமிடம் அமிழ்த்தி வைப்பது. உடல் சூடாக இருக்கும்போது உள்ளங்கைக்கும் முன்கைக்கும் ரத்தம் பெருகி ஓடுகிறது. வாளி நீர் அந்த ரத்தத்தைக் குளிர்வித்து உள்ளே அனுப்புகிறது. பிரிட்டிஷ் கடற்படை மருத்துவ ஆய்வாளர்கள் 1990-களில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். தீயணைப்பு வீரர்களும் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களும் இதைக் கடைப்பிடிக்கின்றன. வாளி இல்லாத காவல் சாவடி நம் நாட்டில் இருக்கிறதா?

விழுந்தவரைக் காப்பது

தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு, மயக்கம் எல்லாம் முதல் எச்சரிக்கை. நிழலுக்குப் போய், அங்கியைக் கழற்றி, நீரும் உப்பும் அருந்தி ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் ஒருவர் உளறினால், காரணமில்லாமல் கோபப்பட்டால், தள்ளாடினால், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் சொன்னால், அது வெப்பத்தாக்கு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வெயிலில் உழைத்து விழுபவருக்குத் தோல் வியர்வையால் நனைந்தே இருக்கலாம். 'வியர்க்கிறதே, ஒன்றுமில்லை' என்று ஏமாறக் கூடாது.

இங்கே விதி ஒன்றே ஒன்று: முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் கொண்டுபோக வேண்டும். தலைக்கவசம், அங்கி, பூட்ஸ் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். தொட்டி இருந்தால் கழுத்து வரை குளிர்ந்த நீரில் அமர்த்தி, தலை மூழ்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தார்ப்பாயின் நாலு மூலையையும் தூக்கிப் பிடித்து, அதில் கிடத்தி நீர் ஊற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் வாளி வாளியாக ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் பனிக்கட்டித் துணி வையுங்கள். அரை மணிக்குள் சூடு தணிந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது.

ராஜஸ்தானில் ஒட்டகத் தொட்டித் தண்ணீரை ஊற்றியவர்கள் எந்தக் கையேட்டையும் படித்தவர்கள் அல்லர். ஆனால் சரியானதைச் சரியான நேரத்தில் செய்தார்கள்.

இப்படி மூளை குழம்புவதைப் பாதிக்கப்பட்டவர் தாமாக உணர மாட்டார். எனவே இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்வது அவசியம்.

அங்கிக்கும் வெயில் ஆகாது

வேலை முடிந்ததும் வியர்வை நாறும் அங்கியை மொட்டை மாடி வெயிலில் காயப்போடத் தோன்றும். கூடாது. கெவ்லார் போன்ற இழைகளைச் சூரிய ஒளி பலவீனப்படுத்தும். உள்ளேயிருக்கும் அடுக்குகளை எடுத்துவிட்டு வெளியுறையை மட்டும் துவைக்க வேண்டும். அடுக்குகளை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் மடிக்காமல் பரப்பி உலர்த்த வேண்டும். மூடிய காருக்குள் வெயிலில் விட்டுவரவும் கூடாது.

இதை அலட்சியம் செய்ய முடியாது என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஸைலான் என்ற இழையில் செய்த அங்கியை அணிந்த போலீஸ்காரர் ஒருவரை 2003-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் குண்டு துளைத்துக் காயப்படுத்தியது. வெப்பமும் ஈரமும் அந்த இழையைச் சில ஆண்டுகளிலேயே நலியச் செய்கின்றன என்பது அதன் பின் நடந்த ஆய்வில் உறுதியானது. 2005-ல் அந்த வகை அங்கிகளுக்கு அளித்த அங்கீகாரத்தை அந்நாட்டு நீதித்துறை நிறுவனம் விலக்கிக்கொண்டது. மனிதனைக் களைக்க வைத்த வியர்வை, கவசத்தையும் களைக்க வைத்தது.

ஒரு டம்ளர் தண்ணீர்

அக்கா மகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்போ இதில் என் கையில் இருப்பது பாதிதான் மாமா" என்றான். உண்மைதான். நல்ல பனியனும் நீர்மோரும் அவன் கையில். ஆனால் எத்தனை நிமிடம் நிற்பது, எப்போது அங்கியைக் கழற்றுவது, புதிதாக வந்தவனை எத்தனையாம் நாள் வெயிலுக்கு அனுப்புவது என்பதெல்லாம் பட்டியல் போடுகிறவர் கையில். கர்ணனுக்குக் கவசம் உடம்போடு பிறந்தது. அவனால் அதைக் கழற்ற முடியவில்லை, அறுத்துத்தான் கொடுத்தான். நம் பிள்ளைகள் அணிவது கழற்றக்கூடிய கவசம். கழற்றுவதற்கு ஒரு நிழலும் பதினைந்து நிமிடமும் கொடுத்தால் போதும்.

நம்மால் ஆவதும் ஒன்று உண்டு. ஜூன் மாதத்தில் தில்லித் தெருக்களில் சீக்கியப் பெருமக்கள் 'சபீல்' வைத்து, போவோர் வருவோருக்கெல்லாம் குளிர்ந்த இனிப்புப் பால் கொடுப்பதைப் பார்த்திருக்கிறோம். நம் ஊரில் தண்ணீர்ப் பந்தல் வைத்ததும் இதே மனத்தோடுதான். நம் குடியிருப்பு வாசலிலோ, கோயில் திருவிழாவிலோ கவசம் அணிந்து நிற்கும் காவலரைக் கண்டால், பணிக்கு இடையூறு இல்லாமல், கேட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் உப்பிட்ட மோர் கொடுப்போம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு நாற்காலியும் நிழலில் இருக்கட்டும். நமக்காக ஆகஸ்ட் மாதத்தைச் சட்டைக்குள் சுமந்துகொண்டு நிற்பவர் அவர்.